கற்றதன் பயனைக் கண்டடைந்தவர்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதையும், அங்கு அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான் என்பதையும், ஔவையார் அவன் அவைக்களத்தை அணிசெய்தார் என்பதையும் இம்மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இன்று அறிவர். அதியமான்கோட்டை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவில் நெல்லிக்கனி நினைவுக்கு வருகிறது. இவ்வளவும் நம் மண்ணோடு பிறந்த அறிவு போலத் தோன்றுகிறது. ஆயினும் 1894ஆம் ஆண்டுக்கு முன்பு இந்நிலை இல்லை. அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய பாடல்கள் அதுவரை ஓலைச்சுவடிகளுக்குள் உறங்கிக் கிடந்தன. அவற்றைப் புறநானூற்றின் வழியே உலகறியச் செய்தவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாடு அன்போடு அழைக்கும் பெருந்தகை அவர்.

தம் இருபத்தைந்தாம் வயது வரையில் அவரும் புறநானூற்றைப் படித்தவரல்லர். அதற்குள் அவர் பல்லாயிரம் செய்யுட்களைக் கற்றிருந்தார். பெரும்புலவர் ஒருவரின் தலைமாணாக்கராக விளங்கியிருந்தார். கல்லூரியில் தமிழாசிரியர் பதவியும் பெற்றுவிட்டார். கல்வியில் அவருக்கு ஆர்வம் குறைந்த நாளே இல்லை. ஆயினும் அந்த ஆர்வம் எதற்காக என்னும் விடை பிற்பாடுதான் கிடைத்தது. அது கிடைத்த வரலாறே இங்குச் சொல்லப்படுகிறது.

ஊர் ஊராய்த் தமிழைத் தேடி

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய முன்னோர் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர்களுக்குச் சென்று இராமாயணக் கதையைப் பாடிப் பொருள் சொல்லி, அதனால் வரும் வருவாயில் குடும்பத்தை நடத்தினார். மகனும் தம்மைப் போல இசைவல்லுநன் ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுடைய உள்ளமோ தமிழின்பால் சென்றது.

அக்காலத்தில் தமிழ் கற்க விரும்புவோர்க்கு இன்றுள்ளவை போன்ற பள்ளிகள் இல்லை. ஒரு நூலைக் கற்பிக்க வல்லவர் எவ்வூரில் இருக்கிறாரோ அவ்வூருக்குச் செல்லவேண்டும். நன்னூல் சொல்ல வல்லவர் ஓரூரில் இருப்பார். யாப்பிலக்கணம் அறிந்தவர் மற்றோரூரில் இருப்பார். மகனுக்கு ஆசான் கிடைக்கும் ஊரே தமக்கு ஊர் என்று தந்தையார் முடிவு செய்தார். அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவ்விளைஞர் அடுத்தடுத்துப் பாடம் கேட்டார். ஒரு செய்யுளை நின்று நிதானித்துச் சுவைக்கும் பழக்கம் சடகோபையங்காரிடம் வாய்த்தது. நன்னூல் கஸ்தூரி ஐயங்காரிடமும், யாப்பருங்கலக்காரிகை ரெட்டியாரிடமும் கிடைத்தன.

இவ்வாறு அலைந்த குடும்பம் வறுமையைத் துணையாகக் கொண்டே அலைந்தது. அடுத்த வேளை உணவுக்கு வழியறியாத நாள்கள் பல. அந்நாள்களிலும் மகனின் பாடம் நிற்கலாகாது என்பதில் தந்தையார் உறுதியாக இருந்தார். தம் கலையை மகன் ஏற்கவில்லையே என்னும் ஏக்கத்தை உள்ளத்தில் அடக்கிக்கொண்டு, அவன் விரும்பிய கலைக்காகத் தம் வாழ்வை இடம்பெயர்த்த அவர் செயல் போற்றத்தக்கது.

மகாவித்துவானின் நிழலில்

செங்கணத்து ரெட்டியார் தம்மிடம் உள்ளதைக் கொடுத்து முடித்தபின், இனி இம்மாணவருக்கு ஏற்ற ஆசிரியர் மாயூரத்தில் இருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்று அறிவுரை கூறினார். அதன்படி 1871ஆம் ஆண்டளவில் சாமிநாதையர் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்னும் இயற்பெயர் நீங்கிச் சாமிநாதன் என்னும் பெயர் அங்கேதான் நிலைத்தது.

தந்தையாரின் ஆசையை முற்றிலும் தள்ளாமல், மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் சிலநாள் இசையும் பயின்றார். இசைப்பழக்கம் இலக்கியக் கல்விக்கு இடையூறாகும் என்று பிள்ளையவர்கள் கருதியதை அறிந்ததும் அதை விட்டுவிட்டார்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடல்போன்ற புலமையர். அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பேறு சாமிநாதையருக்கு வாய்த்தது. முன்னரே எழுதிவைத்ததைப் படிப்பவர்போல ஆசிரியர் புதிய செய்யுட்களைச் சொல்லிச் செல்வார். மாணவரின் எழுத்தாணி பின்தொடரும். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, உலா, தலபுராணம் என்று பிரபந்த வகை ஒவ்வொன்றும் பாடமாயிற்று. சாதியும் சமயமும் பாராமல் எவர்க்கும் சொல்லிக் கொடுத்த அவ்வாசிரியரிடம் கிறித்தவரான சவரிராயலு நாயகரும் பாடம் கேட்டார். பிற்காலத்தில் சாமிநாதையர் எச்சமயத்து நூலையும் ஒரே கண்கொண்டு பார்த்தமைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல்நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். தாயை இழந்த கன்று போலக் கலங்கிய மாணவரைத் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் மடத்திலேயே இருத்தி ஆதரித்தார். நான்கு ஆண்டுகள் சென்றன. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், பிள்ளையவர்களின் மாணாக்கர்களுள் மூத்தவர். தாம் ஓய்வு பெறும்போது அவ்விடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் எனப் பரிந்துரைத்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார். திங்களூதியம் ஐம்பது ரூபாய். ஊர் ஊராய் அலைந்த குடும்பம் ஓரிடத்தில் அமர்ந்தது. கற்றகல்வி சோறிட்டது, சுற்றத்தார் மகிழ்ந்தனர். வேறொருவராயின் இனிக் கற்கவேண்டுவது யாது என்று அமைதி கொண்டிருப்பர்.

சேலத்தார் கேட்ட கேள்வி

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அந்த அமைதி கலைந்தது. சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றப்பெற்று வந்திருந்தார். அவர் ஆங்கிலம் கற்று நீதித்துறையில் பணியாற்றியவர், தமிழை வயிற்றுப்பாட்டுக்காகக் கொண்டவரல்லர், சுவைக்காகவே கற்றவர். இன்றைய தருமபுரி மாவட்டம் அந்நாளில் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1965ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் முதலியாரை இந்நிலப்பகுதியார் தம் முன்னோருள் ஒருவராகவே எண்ணிப் பெருமை கொள்ளலாம்.

சுப்பிரமணிய தேசிகரின் சொற்படி சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். யாரிடம் படித்தீர் என்று முதலியார் வினவினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்ன அளவில் எவரும் மதிப்போடு நோக்குவதைக் கண்டு பழகியவர் சாமிநாதையர். முதலியாரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. என்னென்ன நூல்களைப் படித்தீர் என்பது அடுத்த வினா. அந்தாதிகள் இத்தனை, கலம்பகங்கள் இத்தனை, கோவைகள் இத்தனை, புராணங்கள் இத்தனை என்று சாமிநாதையர் அடுக்கினார். அவற்றால் என்ன பயன் என்று முதலியார் கேட்டார்.

கம்பராமாயணம் முதலிய பெருநூல்களின் பெயர்களையும் சொல்லிப் பார்த்தார் சாமிநாதையர். முதலியாரின் முகம் மலரவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றுக்கு மூலமாக இருந்த பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பெயர் கூறிக் கேட்டார். சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. ஏடுகளைக் கண்டதும் இல்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

அந்நேரத்து அவர் உள்ளநிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டினி கிடந்தும் அலைந்தும் ஈட்டிய செல்வத்தை ஒருவர் எடுத்துப் பார்த்து, இது செல்லாக் காசு என்று சொன்னது போன்ற நிலை அது. சினந்து திரும்பியிருக்கலாம். தமிழ்ப் புலவர் அல்லாத ஒருவரின் கருத்தைப் பொருட்படுத்த வேண்டா என்று தேறியிருக்கலாம். முதலியாரின் நட்பு கிடைக்காவிடினும் அவர் பதவிக்கோ ஊதியத்திற்கோ குறை நேர்ந்திராது. சாமிநாதையர் அவ்வாறு செய்யவில்லை. நூல் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல இயலும் என்று துணிந்து உரைத்தார். அத்துணிவில் அவருடைய தன்மதிப்பு இருந்தது. மீண்டும் சென்றதில் அவருடைய பணிவு இருந்தது. முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படியை அளித்தார்.

மீண்டும் மாணாக்கராய்

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையும் உடையது. நாமகள் இலம்பகம் மட்டும் 1868இல் பவர் பாதிரியாரால் அச்சிடப்பெற்றிருந்தது. சமண நூல் என்பதனால் சைவப் புலவர் பலர் அதை ஒதுக்கியே வைத்திருந்தனர்.

படிக்கத் தொடங்கியதும் சாமிநாதையருக்குத் தம் கல்வியின் எல்லை புலப்பட்டது. சொற்கள் புதியன, கருத்துகள் புதியன, சமணத் தத்துவம் முற்றிலும் புதிது. நச்சினார்க்கினியர் உரை துணைநின்றது. ஆனால் அவ்வுரையே புதிய புதிர்களையும் எழுப்பியது. உரையாசிரியர் பல பழைய பாடல்களை மேற்கோளாகத் தருகிறார். அவை எந்நூலைச் சேர்ந்தவை எனச் சொல்லாமல், பிறர் கூறியன என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். அவை கற்பவரெல்லாம் அறிந்த நூல்கள் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். நூற்றாண்டுகள் கடந்தபின் அவற்றின் பெயரறிந்தாரும் அரியராயினர்.

கல்லூரி ஆசிரியர் மீண்டும் மாணாக்கரானார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் தம் சமயக் கொள்கைகளை விளக்கினர். தாம் தெய்வநூலாகப் போற்றும் சிந்தாமணியைப் பிற சமயத்தார் ஒருவர் இத்துணை ஆர்வத்தோடு கற்பது கண்டு அவர்கள் மகிழ்ந்தனர். ஓய்வு நாள்களில் முதலியாரோடு அமர்ந்து பாடம் நடந்தது. கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்று பிரித்தறிய இயலாத பாடம் அது.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. பிள்ளையவர்களிடம் கற்ற கல்வி வீணாகவில்லை. ஏட்டை விரைந்து படிக்கும் கண், யாப்பு வழுவினால் பாடப் பிழையை உணரும் செவி, ஆயிரக்கணக்கான செய்யுட்களை நினைவில் வைத்து ஒப்புநோக்கும் ஆற்றல் ஆகிய அனைத்தும் அந்தாதிகளும் புராணங்களும் தந்தவை. முதலியார் பயனற்றவை என எண்ணிய அக்கல்வியே, அவர் காட்டிய இலக்கை அடையும் கருவியாயிற்று. கருவியைத் தந்தவர் ஆசிரியர். இலக்கைக் காட்டியவர் முதலியார். இரண்டும் கூடிய இடத்தில்தான் நாம் போற்றும் உ. வே. சா. தோன்றினார்.

ஏடும் அச்சும்

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வழக்கறிஞராகச் சென்ற முதலியார், சிந்தாமணியை அச்சிடவேண்டும் என்று வற்புறுத்தினார். கற்றல் ஒன்று; பதிப்பித்தல் வேறொன்று. பனையோலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வேறுபாடு தெரியாது. காலுக்கும் ரகரத்திற்கும் ஒரே வடிவம். செய்யுளும் உரையும் பிரிவின்றித் தொடர்ந்து ஓடும். முதலும் முடிவும் முரிந்திருக்கும், இடையில் செல்லரித்திருக்கும். ஒரு சுவடியை நம்பித் துணிதல் இயலாது. பல சுவடிகளைத் திரட்டி ஒப்பிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அந்நாளில் கும்பகோணத்தில் வாழ்ந்தார். வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றிப் பழந்தமிழ்ப் பதிப்பிற்கு வழிகாட்டிய பெரியவர் அவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிக் குறிப்புகளைத் தருமாறு கேட்டார். முதலியாரிடம் ஏற்றுக்கொண்ட பணியைப் பிறர் கையில் ஒப்படைக்கச் சாமிநாதையருக்கு மனம் வரவில்லை. கற்றதன் பயன் இதுவே என்று உணர்ந்துவிட்ட பிறகு அதை எளிதில் விட்டுக்கொடுத்தல் எவ்வாறு?

கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தும், பகலில் கல்லூரியிலும் இரவில் அச்சுப்படியிலும் கண் விழித்தும் உழைத்தார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. பாராட்டியவர் பலர், குறை கூறித் துண்டு வெளியீடுகள் அச்சிட்டுப் பரப்பியவரும் உண்டு. அவற்றுக்கு விடை எழுதுவதில் காலத்தைச் செலவிடாமல் அடுத்த நூலுக்குச் சென்றார். 1889இல் பத்துப்பாட்டு வந்தது. 1892இல் சிலப்பதிகாரம் வந்தது. அதே 1892இல் இராமசுவாமி முதலியார் காலமானார். தாம் கேட்ட மூன்று நூல்களுள் மணிமேகலை அச்சில் வருவதைக் காண அவர் இல்லை. அது 1898இல் வெளிவந்தது. அதற்காகச் சாமிநாதையர் பௌத்த சமயத்தையும் புதிதாகக் கற்றார். உடன் பணியாற்றிய பேராசிரியர் ரங்காசாரியார் அதில் துணைநின்றார்.

தென்பாண்டி நாட்டில் ஏடு தேடியபோது கரிவலம்வந்தநல்லூரில் அவர் கேட்ட செய்தி நெஞ்சை உலுக்குவது. வரகுணராம பாண்டியர் தொகுத்த சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாக அறிந்து சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடவேண்டும் என்னும் நம்பிக்கையால் அவை முன்னரே ஓமத்தீக்கு இரையாகிவிட்டன என்று அங்கிருந்தோர் கூறினர். தீயிட்டவர் பகையால் செய்யவில்லை, பக்தியால் செய்தனர். ஒரு நூலின் அருமையை அறியாதவர் கையில் அது பக்தியாலும் அழியும் என்பதை அன்று அவர் கண்டார். தாம் ஓராண்டு தாழ்த்தால் ஒரு நூல் இல்லாமற் போகலாம் என்னும் அச்சம் அதன்பின் அவரை உறங்கவிடவில்லை. கல்விக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவிற்கு அவர் வாழ்வு தரும் விடையின் ஒரு பகுதி இவ்வச்சமே.

தகடூருக்குக் கிடைத்த வாழ்வு

சிந்தாமணி உரையின் பெயரறியா மேற்கோள்கள் அவரைச் சங்க நூல்களுக்கு அழைத்துச் சென்றன. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் எட்டுத்தொகை மூலத்தைக் கண்டபோது, புதிராக இருந்த வரிகள் பல தம் பிறந்தவீட்டைக் காட்டின. அத்தேடலின் கனியாக 1894இல் புறநானூறு பழையவுரையோடு வெளிவந்தது. நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. சில பாடல்கள் சிதைந்திருந்தன. சிதைந்த இடத்தைத் தம் புலமையால் நிரப்பிவிடாமல் புள்ளியிட்டு வெறுமையாக விட்ட நேர்மை அவருடையது. பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு, அரும்பத அகராதி என்று அவர் சேர்த்தவை ஒரு புதிய கல்விக்கே வாயிலாயின.

அந்நூலில்தான் தகடூர் தலைநிமிர்ந்து நிற்கிறது. திண்ணைப் பள்ளிகள் அதுவரை அறிந்திருந்த ஔவையார் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய நீதிப் புலவர். புறநானூற்றில் தோன்றியவரோ அரசனுக்கு நண்பராய், தொண்டைமானிடம் தூதராய், நெல்லிக்கனி பெற்றவராய், அவன் மாய்ந்தபோது நடுகல்லின்முன் கையற்றுப் புலம்பியவராய் விளங்கும் பழம்பெரும் கவிஞர். அதியமானின் வாழ்வையும் வீழ்வையும் உடனிருந்து கண்ட ஒருவரின் குரலே நமக்குக் கிடைத்தது. தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தும் 1904இல் அவர் பதிப்பாலேயே வெளிவந்தது. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சியுள்ளன. காக்கப்பட்ட நூலுக்கும் காக்கப்படாத நூலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தகடூர் மண் நன்கு அறியும்.

தருமபுரி வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்கள் பலகாலம் பெயரற்ற கற்களாக இருந்தன. அவற்றின்முன் நின்று பாடியவர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதைச் சொல்ல ஒரு நூல் வந்தபின் அவை பொருள் பெற்றன. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் சதியபுதோ என்னும் குடிப்பெயரோடு பொறிக்கப்பட்டிருந்தது. அசோகனின் கல்வெட்டில் சோழ பாண்டியரோடு எண்ணப்பெற்ற சதியபுத்திரர் யாவர் என்னும் நெடுநாள் ஐயம் அதனால் நீங்கியது. கல்லில் இருந்த பெயரை அறிஞர் உடனே இனங்கண்டுகொண்டமைக்கு, ஏட்டில் இருந்த பெயர் முன்னரே அச்சில் இருந்தமையே காரணம்.

இறுதி நாள்கள்

1903இல் சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் வந்தது. 1919இல் ஓய்வு பெற்ற பின்னரும் பணி ஓயவில்லை. பெருங்கதை 1924இல் வெளிவந்தது. குறுந்தொகை வெளிவந்த 1937இல் அவருக்கு வயது எண்பத்திரண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் வழங்கியது. தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி நன்றிக்கடன் தீர்த்தார். பெரும்புகழ் பெற்றபின்னும், தம்மை இவ்வழியில் திருப்பியவர் சேலம் முதலியாரே என்று நன்றியோடு பதிவு செய்ய அவர் தயங்கவில்லை. தம் அறியாமை வெளிப்பட்ட நாளை வாழ்வின் நன்னாளாகப் போற்றியவர் அவர்.

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மக்கள் அச்சத்தால் வெளியேறிய நாள்களில் அவர் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றார். அங்கே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். ஆனந்த விகடனில் 1940 முதல் வெளிவந்துகொண்டிருந்த அவருடைய தன்வரலாறு முற்றுப்பெறாமல் நின்றது. அடுத்த ஆண்டு அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்று சென்னையில் அமைந்தது. அவர் தேடித் திரட்டிய சுவடிகள் அங்குள்ளன.

கும்பகோணத்தில் முதலியார் கேட்ட கேள்வி கேட்பதற்கு எளியது, தாங்கிக்கொள்வதற்கு அரியது. அதைத் தாங்கிக்கொண்ட ஓர் இளம் ஆசிரியர் மீண்டும் அதே வாயிலுக்குச் செல்லத் துணிந்தமையால், தகடூரின் அரசனும் அவனைப் பாடிய கவிஞரும் இன்று தருமபுரியின் தமிழரங்குகளில் நம்மோடு அமர்ந்திருக்கின்றனர்.